நிழலில் நின்று கேட்ட மார்ச்

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் இப்போதெல்லாம் போனில் நீ பேசுவது எனக்குப் பாதிதான் கேட்கிறது. மீதிப் பாதியை நானாக இட்டு நிரப்பிக்கொண்டு "சரி, சரி" என்று தலையாட்டுகிறேன். போன மாதம் நீ என்னவோ சொன்னதற்கு "ரொம்ப சந்தோஷம்பா" என்றேன். போன் பூத்தை விட்டு வெளியே வந்ததும் உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மூன்று நாளாக ஜுரம் என்று நீ சொல்லியிருக்கிறாய். அதனால்தான் இந்தக் கடிதம். ஐந்தாவது வரை படித்தவன் எழுதுகிறேன், பிழை இருந்தால் சிரித்துவிட்டு மேலே போ. ஆனால் கடைசி வரை படி. எதையும் பாதியில் மடித்து வைக்கிற பழக்கம் உனக்கு உண்டு. அது என்னிடமிருந்து வந்ததுதான்.

இங்கே திருப்பதியில் ஒரு காது டாக்டரிடம் உன் அம்மா என்னை இழுத்துக்கொண்டு போனாள். அவர் என்னென்னவோ மிஷினை மாட்டிப் பார்த்துவிட்டு என்ன தொழில் என்று கேட்டார். பேண்டு செட்டில் கிளாரினெட் என்றேன். வாசிக்கும்போது பக்கத்தில் யார் நிற்பார்கள் என்றார். ஏழுமலை என்றேன். ஏழுமலை யார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? பெரிய டிரம் அடிக்கிறவர், முப்பது வருஷமாக இவருக்கு வலது பக்கம் நிற்கிறவர் என்று உன் அம்மா விளக்கினாள். டாக்டர் சிரித்துவிட்டார். அப்புறம் சிரிக்காமல், வலது காது முடிந்துவிட்டது, இடது காது இருக்கிறது, அதுவும் எத்தனை நாள் என்று சொல்ல முடியாது என்றார். இதை ஏழுமலையிடம் போய்ச் சொன்னேன். மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது, ஏனென்றால் அவனுக்கு இரண்டு காதுமே போய் ரொம்ப நாளாகிறது.

நேற்று உன்னோடு போனில் பேசிவிட்டு வந்து உன் அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டாள்.  என்ன விஷயம் என்று கேட்டேன். மெட்ராஸிலிருந்து உனக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பியதையும், பாட்டு ரெக்கார்டிங் செய்கிற இடத்தில் கிளாரினெட்டுக்கு ஆள் வேண்டும் என்று கூப்பிட்டதையும், பாட்டை எழுதி முன்னால் வைக்கிற தாளைப் பார்த்து வாசிக்கத் தெரிய வேண்டும், அதற்கு இரண்டு மாதம் டைம் என்று சொன்னதையும், நீ போகப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டதையும் சொன்னாள். சித்தூரில் மாம்பழ ஜூஸ் ஃபேக்டரி வேலையும் சனி ஞாயிறு ஆர்கெஸ்ட்ராவும் உனக்குப் போதுமாம். ஏன் போகவில்லை என்று அவள் கேட்டதற்கு, "தாளப் பாத்து வாசிக்கறவன் குமாஸ்தாம்மா, நைனாவே சொல்லிக்கீறாரு இல்ல" என்றாயாம். இதைச் சொல்லிவிட்டு உன் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"யாரோட பேச்சு இது?" என்றாள்.

"என்னுதுதான்," என்றேன்.

"அப்ப நீ எழுதறியா, இல்ல நான் பஸ் ஏறிப் போய் எல்லாத்தியும் சொல்லிட்டு வரட்டா?"

அவள் சொன்னால் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவாள். நானே எழுதினால் கொஞ்சம் மானத்தோடு எழுதலாம் என்று பார்த்தேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது, இதில் மானத்தோடு எழுத ஒரு இடமும் இல்லை.

உனக்குத் தெரிந்த கதை இது. உன் நைனா சின்ன வயதில் சித்தூருக்குப் போனார், அங்கே பெரிய பேண்டில் மாதச் சம்பள வேலை, உடுப்பு, வீடு எல்லாம் தருகிறேன் என்றார்கள், தாளைப் பார்த்து வாசி என்று சொன்னதும், நான் என்ன குமாஸ்தாவா என்று கேட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். இந்தக் கதையைக் கல்யாண வீட்டுப் பந்தியில் நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! ஏழுமலை பக்கத்தில் உட்கார்ந்து "ஆமா, ஆமா" என்பான். துண்டை உதறியது மட்டும் நிஜம். அன்றைக்குச் சித்தூரில் புழுதி அதிகம்.

நடந்ததைச் சொல்கிறேன். அதற்கு முதலில் ஒரு வேலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னால், ஒரு பெண்வீட்டுக்காரர்களோடு எங்கள் பேண்டு செட் சத்தியவேட்டிலிருந்து சித்தூருக்குப் போயிருந்தது. முகூர்த்தம் ஏதோ காரணத்தால் தள்ளிப் போய் மூன்று நாள் சும்மா கிடந்தோம். காலையில் ஊர் சுற்றப் போனபோது பரேடு மைதானத்தில் பெரிய பேண்டு ஒன்று பழகிக்கொண்டிருந்தது. நாற்பது பேர் இருப்பார்கள். பித்தளை எல்லாம் வெயிலில் மின்னியது. அணிவகுத்து நடக்க வாசிக்கிற மார்ச் ஒன்று வாசித்தார்கள், அதைக் கேட்டதும் எனக்குக் கால் தானாக எழுந்தது. கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு வேப்பமரம் இருந்தது. நானும் ஏழுமலையும் அந்த நிழலில் போய் நின்றோம். மூன்று நாளும் அதே இடம், அதே நிழல். மூன்றாம் நாள் எனக்கு மார்ச் முழுக்க மனப்பாடம். ஒரு தாள் இல்லை, ஒரு குரு இல்லை, காதால் கேட்டு விரலுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அன்று எனக்கிருந்த திமிரை இப்போது நினைத்தால்கூடக் கொஞ்சம் பொறாமையாக இருக்கிறது.

ஊருக்கு வந்து செட்டில் எல்லாருக்கும் அதைச் சொல்லிக் கொடுத்தேன். "சித்தூர் மார்ச்" என்று பேர் வைத்தோம். சத்தியவேடு, நாகலாபுரம், புத்தூர், நகரி, எந்த ஊரிலும் மாப்பிள்ளை அழைப்பு என்றால் அதுதான். எல்லைத் தகராறு சூடாக இருந்த காலம் அது. சித்தூர் ஆந்திரா ராஜ்யத்தில் இருந்தது, நம் சத்தியவேடு மெட்ராஸ் ராஜ்யத்தில் இருந்தது, எந்த ஊர் எந்தப் பக்கம் போகும் என்று டீக்கடையில் பேச ஆரம்பித்தால் டம்ளர் பறக்கும். மெட்ராஸோடு இருக்க வேண்டும் என்று ஒரு ஊர்வலம் போகும், ஆந்திராவோடு சேர வேண்டும் என்று இன்னொன்று போகும். இரண்டுக்கும் எங்கள் செட்தான். "காலையில தமிழுக்கு, சாயங்காலம் தெலுங்குக்கு, ரெண்டு பேரும் நம்ம மார்ச்சுக்குத்தான் நடக்கறானுங்க" என்று ஏழுமலை சிரிப்பான். இப்படி ஆறேழு வருஷம் வாசித்தோம். ஒருவர்கூட இதில் ஏதோ குறைகிறதே என்று சொல்லவில்லை. கேட்டவர்களுக்கும் தெரியாது, வாசித்தவர்களுக்கும் தெரியாது.

எனக்குக் கல்யாணமான மறு வருஷம், அந்தப் பெரிய பேண்டில் கிளாரினெட்டுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஊர்க்காரர் ஒருவர் வந்து சொன்னார். புத்தூரில் பஸ் மாறிச் சித்தூருக்கு, அதே மைதானத்துக்குப் போனேன். பேண்டு மாஸ்டர் பெரிய தொப்பையோடு இருந்தார், பட்டாளத்தில் இருந்து வந்தவர், தெலுங்குக்காரர். முதலில் நான் தயங்கிக்கொண்டே, நான் மெட்ராஸ் ராஜ்யத்துக்காரன் என்று சொன்னேன். அவர் என் கிளாரினெட்டைத் தட்டிக் காட்டி, "தீனிகி ஏ ஸ்டேட்டு?" என்றார். இதற்கு எந்த ஸ்டேட் என்று கேட்கிறார். எனக்கு அவரை அப்போதே பிடித்துப்போனது. இதை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் வரும்.

ஸ்டாண்டில் ஒரு தாளை வைத்தார். ஐந்து ஐந்து கோடாகப் போட்டு அதன்மேல் எறும்பு ஊர்ந்த மாதிரி புள்ளிகள். எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் தாளை வைக்கும்போது அவர் வாய்க்குள்ளேயே அந்த மார்ச்சின் தொடக்கத்தை முனகினார், மெட்டு சரியாகக் காதில் விழாவிட்டாலும் தாளத்தைப் பிடித்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. அட, நம் சித்தூர் மார்ச்! வந்த வேலை முடிந்தது என்று நினைத்தேன். கண்ணைத் தாள்மேல் வைத்து, படிக்கிறவன் மாதிரி இடமிருந்து வலம் தலையைக்கூட நகர்த்திக்கொண்டே முழு மார்ச்சையும் ஒரு மூச்சில் வாசித்தேன். ஒரு இடத்தில்கூட விரல் தப்பவில்லை. முடித்துவிட்டு நிமிர்ந்தேன். சுற்றி இருந்த பேண்டுக்காரர்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார்கள்.

மாஸ்டர் சிரிக்கவில்லை. ரொம்ப ஆசையாகக் கேட்டார், ஒரு புதுப் பூச்சியைப் பார்த்த குழந்தை கேட்கிற மாதிரி. "பாபு, இதி எக்கட நேர்ச்சுகுன்னாவு?"

எங்கே கற்றாய் என்கிறார். பொய் சொல்ல வாய் வரவில்லை. வேலி ஓரம் நின்று கேட்டேன் என்றேன். எந்த இடத்தில் என்றார். வேப்பமரத்தைக் காட்டினேன். அவர் தொடையில் தட்டிக்கொண்டார். "மா செகண்ட் கிளாரினெட் வாள்ளு அக்கடே கதா நிலபடேதி!"

எங்கள் செகண்ட் கிளாரினெட்காரர்கள் நிற்பது அங்கேதானே என்கிறார். விஷயம் இதுதான். பெரிய பேண்டில் கிளாரினெட் எல்லாம் ஒரே பாட்டை வாசிக்காது. முதல் கிளாரினெட் பாட்டைக் கொண்டுபோகும், இரண்டாவது கிளாரினெட் அதற்குக் கீழே வேறொன்றை வாசித்துத் தாங்கிப் பிடிக்கும். மைதானத்தில் இரண்டாவது கிளாரினெட் ஆட்கள் நிற்பது வேப்பமரத்துப் பக்கம். நிழலுக்காக நின்ற எனக்கு, அருகில் அவர்கள் வாசித்ததுதான் பெரிதாகக் கேட்டது, அதையே பாட்டு என்று எடுத்துக்கொண்டுவிட்டேன். ஸ்டாண்டில் இருந்தது முதல் கிளாரினெட் தாள். நான் வாசித்தது இரண்டாவது. சத்தியவேட்டிலிருந்து நகரி வரைக்கும் அத்தனை மாப்பிள்ளைகளும், தமிழ் ஊர்வலமும் தெலுங்கு ஊர்வலமும், ஆறேழு வருஷமாகப் பாட்டே இல்லாத பாட்டுக்கு நடந்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு அவர் செய்ததை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, உன் அம்மாவைத் தவிர. ஒரு ஆளைக் கூப்பிட்டு முதல் கிளாரினெட் வாசிக்கச் சொன்னார். என்னை, "நுவ்வு நீதி வாயிஞ்சு" என்றார், நீ உன்னுடையதை வாசி என்று. இரண்டும் சேர்ந்தது. என் பாட்டு, நான் அத்தனை காலம் தோளில் தூக்கிக்கொண்டு நடந்த பாட்டு, அப்படியே தரையாகிவிட்டது. அதன்மேல் இன்னொன்று நடந்துபோனது. எங்கெங்கே என் பாட்டு எனக்குக் கொஞ்சம் மொட்டையாகப் பட்டதோ அங்கெல்லாம் அந்த இன்னொன்று வந்து உட்கார்ந்தது. அழகாக இருந்தது. அவ்வளவு அழகை நான் அதற்கு முன் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, வாசிப்பை நிறுத்திவிட்டேன். சுற்றி நின்றவர்கள் அவமானத்தில் அழுகிறான் என்று நினைத்திருப்பார்கள். அதுவும் இருந்தது.

மாஸ்டர் இரண்டாவது கிளாரினெட் தாளின் கைப்பிரதி ஒன்றை மடித்து என் கையில் கொடுத்தார். நீ வாசித்தது இதில்தான் இருக்கிறது, இதைப் படிக்கக் கற்றுக்கொண்டு ஆறு மாதத்தில் வா, உனக்கு இடம் வைக்கிறேன் என்றார். நான் தாளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, துண்டை உதறிக்கொண்டு பஸ் ஏறினேன். புத்தூர் வருவதற்குள் அந்தக் குமாஸ்தா வசனத்தைத் தயார் செய்துவிட்டேன்.

ஊர் நம்பியது. உன் அம்மா நம்பவில்லை. சட்டையைத் துவைக்க எடுத்தபோது தாளைப் பார்த்திருக்கிறாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நான் படுத்திருந்தேன். அடுப்படியிலிருந்து "தோ, மி, ஸோ" என்று என் மார்ச் வந்தது. அவள் எங்கள் பேண்டுக்குப் பின்னால் ஒரு நாளும் வந்ததில்லை. அந்தச் சத்தம் தலைவலி என்பாள். எழுந்து போய்ப் பார்த்தேன். ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் தாள், தாளைப் பார்த்துப் பாடிக்கொண்டிருக்கிறாள். நான் எங்கே மூச்சு எடுப்பேனோ அங்கே நிறுத்துகிறாள். அந்த நிமிஷம் எனக்கு உடம்பு சிலிர்த்தது. இந்தத் தாளுக்கு என் பாட்டு எப்படித் தெரியும்? இவளுக்கு எப்படித் தெரியும்?

"உனக்கு இது எப்படித் தெரியும்?" என்றேன்.

"மிஷன் ஆஸ்டல்ல படிச்சேன் இல்ல, எட்டாவது வரிக்கும். ஞாயித்துக்கிழம பாட்டு சொல்லிக் குடுப்பாங்க, எல்லாம் இந்த அஞ்சு கோட்டுலதான்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ கேட்டியா?"

கேட்கவில்லைதான். கல்யாணமாகி ஒரு வருஷத்தில் அவளிடம் நான் கேட்டதெல்லாம் குழம்பு ஆயிற்றா, வெந்நீர் இருக்கிறதா என்பதுதான். உனக்கு ஒரு புத்தி சொல்ல வேண்டுமானால் இதையே சொல்வேன். நாளைக்குக் கல்யாணமாகும்போது, வருகிறவளுக்கு என்னென்ன தெரியும் என்று முதல் வாரத்திலேயே கேட்டுவிடு. நான் ஒரு வருஷத்தை வீணடித்தேன்.

அப்படித்தான் நான் படிக்க ஆரம்பித்தேன். தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஐந்து கோடு போடுவாள். வறுத்த புளியங்கொட்டைகளை எடுத்துக் கோட்டின்மேலும் இடையிலும் வைப்பாள். ஒரு கொட்டையை ஒரு கோடு மேலே தள்ளினால் பாட்டு முகத்தை மாற்றிக்கொள்ளும். எனக்கு அது பெரிய அதிசயம். நாள் முழுக்க ஒரே கொட்டையை மேலும் கீழும் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் அவள் தண்ணீர் எடுக்கப் போய்விட்டு வந்து பார்த்தாள், வரிசையில் இரண்டு புள்ளி குறைந்தது. நான் வாயை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன். "பாட்ட துன்னுட்டியாய்யா நீ?" என்றாள். இருவரும் அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

ஆனால் உன்னைப் போல, என்னைப் போலக் காதால் வாசிக்கிறவனுக்குப் படிப்பது ஏன் கஷ்டம் தெரியுமா? தெரியாததால் இல்லை. காது வழி சுலபமாக இருப்பதால். நான் ஒவ்வொரு நாளும், "நீ ஒரு தடவ பாடிக் காட்டு" என்பேன். அவள் பாடுவாள். உடனே நான் வாசித்துவிடுவேன், கொட்டைகளைப் பார்ப்பது போலவே பார்த்துக்கொண்டு. ஒரு மாதம் அவளையும் ஏமாற்றினேன், என்னையும் ஏமாற்றிக்கொண்டேன். பிறகு அவளுக்குச் சந்தேகம் வந்து, கொட்டைகளை ஒரு மாதிரி வைத்துவிட்டு வேறு மாதிரி பாடினாள். நான் அவள் பாடியதை அப்படியே வாசித்தேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "சித்தூர்லயும் இதத்தான செஞ்ச?" என்று மெதுவாகக் கேட்டாள். மாஸ்டரின் முன்னால் வந்ததைவிட அதிகமான வெட்கம் எனக்கு அன்றைக்கு வந்தது. அதற்குப் பிறகு அவள் பாடுவதை நிறுத்திவிட்டாள். நான் வாசித்த பிறகுதான் வாயைத் திறப்பாள்.

அப்போதிலிருந்துதான் நிஜமாகப் படித்தேன். தடவித் தடவி, ஒவ்வொரு புள்ளியாக. எனக்குக் கல்யாண ஊர்வலத்தில் இருக்கிற பேர் என்ன, அங்கே நான் வாசிக்கிற வாசிப்பு என்ன, இங்கே தரையில் உட்கார்ந்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி திக்குகிறேனே என்று கிளாரினெட்டைத் தூக்கிப் போடலாம் போல இருக்கும். ஆனால் ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒன்று ஆச்சரியமாகக் கிடைக்கும். சும்மா இருப்பதற்கும் ஒரு குறி உண்டு என்று அறிந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இத்தனை தட்டு வாயை மூடிக்கொண்டிரு என்று தாளில் எழுதியிருக்கிறது! எங்கள் செட்டில் ஆரம்பித்தால் முடிகிற வரை எல்லாரும் வாசிப்போம், நிறுத்தினால் கூலி குறைத்துவிடுவார்களோ என்கிற மாதிரி. நான் அந்த இடங்களில் எல்லாம் இஷ்டத்துக்கு எதையோ இட்டு நிரப்பியிருந்தேன். அது மற்றவன் பேசுவதற்காக விட்ட இடம். போனில் உன்னிடம் நான் செய்வதும் அதுதான் போலிருக்கிறது.

ஐந்தே மாதத்தில் அந்தத் தாளை, யாரும் பாடிக் காட்டாமல், முதல் முறை பார்ப்பது போலப் பார்த்து வாசித்தேன். அவள் வேறு தாள்களை எழுதிக் கொடுத்தாள், அவற்றையும் வாசித்தேன். எனக்குப் படிக்க வந்துவிட்டது.

நான் சித்தூர் போகவில்லை.

"ஆறு மாசம் ஆயிடுச்சே, எப்பப் போற?" என்று உன் அம்மா கேட்டாள்.

"அது ஆந்திரா. நாம மெட்ராஸ்காரங்க. நமக்கு எங்க வேல குடுப்பான்?"

ஸ்டேட்டைப் பற்றி மாஸ்டர் சொன்னதை நான் அவளிடம் மறைத்திருந்தேன். அந்தக் காலத்தில் எல்லைத் தகராறு எல்லாருக்கும் நல்ல சாக்கு. பெண் கொடுக்காததற்கு, கிணறு வெட்டாததற்கு, பள்ளிக்கூடம் போகாததற்கு, எல்லாவற்றுக்கும் எல்லை முடியட்டும் என்பார்கள். நானும் சொன்னேன். பிறகு எல்லை முடிந்தது. நீ பிறந்த வருஷம்தான் அது. திருத்தணி மெட்ராஸ் பக்கம் போனது, நம் சத்தியவேடு ஆந்திரா பக்கம் வந்தது. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு உன் அம்மா என் முன்னால் வந்து நின்றாள்.

"நீ எங்கியும் போவ வாணாம்னு ஆந்திராவே உன்னத் தேடி வந்துக்கினு கீது. இன்னும் இன்னா?"

"இனிமே எல்லா ஆபீஸ்லயும் தெலுங்குதான். எனக்குத் தெலுங்கு படிக்கத் தெரியாதே."

அவள் உள்ளே போய் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வந்தாள். "இதுல தெலுங்கு எங்க கீது? தமிழ் எங்க கீது? காட்டு, பாக்கலாம்."

நான் காட்டவில்லை. துண்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன். நிஜமான பதில், எனக்குப் பயம். வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிய அந்த ஆட்களின் முன்னால் போய் மறுபடியும் நிற்கப் பயம். அவ்வளவுதான். படிக்கத் தெரிந்தும் போகாமல் இருந்தவன் நான். தெரியாமல் போகாதவனைவிட இது கேவலம். அந்த இடத்தில் யாரோ வேறொருவர் உட்கார்ந்திருப்பார். மாஸ்டர் எத்தனை நாள் எனக்காக வைத்திருந்தாரோ, அதை நினைத்தால்தான் எனக்கு இன்னமும் மனசு கஷ்டப்படுகிறது.

இப்போது உன் விஷயம். நாம் திருப்பதிக்குக் குடிவந்த பிறகு, நீ ஒன்பதாவது படிக்கும்போது, உன் பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார் ஒருவர் வீட்டுக்கு வந்தார். பையனுக்குக் காது அபாரம், எழுதிப் படிக்கவும் சொல்லித் தருகிறேன், சாயங்காலம் அனுப்புங்கள் என்றார். நீ கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாய். உன் முகத்தில் எவ்வளவு ஆசை என்பதை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான், "காது இருக்கறவனுக்குத் தாள் எதுக்குங்க?" என்று அவரைத் திருப்பி அனுப்பினேன். நீ படிக்க ஆரம்பித்தால் எனக்கும் தெரியும் என்பது வெளியே வரும். தெரிந்தும் ஏன் போகவில்லை என்று கேட்பாய். அதற்காக உன் கதவைச் சாத்தினேன். உன் அம்மா அன்றைக்கு எனக்குச் சோற்றைப் போட்டு வைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விட்டாள். என்னை மன்னித்துவிடு என்று கேட்கிறேன். மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை, அந்தக் கதவைத் திறந்துகொள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நைனாவுக்கு ஒரு பாட்டை ஒரு தடவை கேட்டால் போதும், இருபது வருஷம் ஆனாலும் மறக்காது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிவாயே, என் கிளாரினெட் பெட்டியில் அடித் துணியைத் தூக்கிப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டாய். அங்கே நான்கு நோட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. கேட்ட பாட்டையெல்லாம் வீட்டுக்கு வந்ததும் ஐந்து கோட்டில் எழுதி வைத்துக்கொள்வேன். என் ஞாபகசக்தி எல்லாம் பென்சில்தான். இப்போது காது மங்கிய பிறகு மத்தியானத்தில் அந்த நோட்டுகளைப் பிரித்துவைத்துக்கொண்டு உட்காருகிறேன். ரேடியோ வைத்தால் இரைச்சலாக இருக்கிறது, ஆனால் அந்தப் புள்ளிகளைப் பார்த்தால் பாட்டு உள்ளே சுத்தமாகக் கேட்கிறது, முப்பது வருஷத்துக்கு முன்னால் வாசித்த மாதிரி. இது எப்படி என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. சத்தமே போடாத ஒரு காகிதம், பாதிச் செவிடனுக்கு எப்படிப் பாடுகிறது? டாக்டரிடம் கேட்கலாம் என்றால், பைத்தியம் என்பார்கள் என்கிறாள் உன் அம்மா.

அதனால் நீ போ. இரண்டு மாதம் தாராளமாகப் போதும். எனக்கு ஐந்து மாதம் பிடித்தது, அதில் ஒரு மாதம் ஏமாற்றினேன். சனிக்கிழமைதோறும் ஆர்கெஸ்ட்ராவுக்கு லீவு சொல்லிவிட்டுத் திருப்பதி பஸ் ஏறு. உன் அம்மா இப்போதே புளியங்கொட்டை வறுத்து வைத்துவிட்டாள். பாடிக் காட்டு என்று மட்டும் அவளிடம் கேட்காதே, மாட்டாள். மெட்ராஸில் உன்னைப் பார்த்து நாலு பேர் சிரித்தால் சிரிக்கட்டும். சிரித்தவர்களில் எவன் முகமும் இன்றைக்கு எனக்கு ஞாபகம் இல்லை. அவர்களுக்காகத்தான் நான் ஒரு ஆயுளை உட்கார்ந்து கழித்தேன்.

இந்தக் கடிதத்தோடு அந்தத் தாளை வைத்திருக்கிறேன். மடிப்பில் கிழிந்திருக்கிறது, பார்த்துப் பிரி. இது இரண்டாவது கிளாரினெட். முதல் கிளாரினெட் என்னிடம் இல்லை. அன்றைக்கு அந்த மைதானத்தில் சில நிமிஷம் கேட்டதுதான். கேட்டதை மறக்காதவன் என்று பேர் எடுத்த எனக்கு அது மட்டும் ஞாபகத்தில் நிற்கவில்லை, எத்தனையோ தடவை எழுதிப் பார்த்துவிட்டேன். உன் ஃபேக்டரியிலிருந்து அந்த மைதானம் சைக்கிளில் கால் மணி நேரம். நான் போகாத இடம் அது. நீ போ. வேலிக்கு வெளியே நிற்காதே, உள்ளே போய்க் கேள். தாளின் மேலே இங்கிலீஷில் பெயர் இருக்கிறது, காட்டினால் எடுத்துக் கொடுப்பார்கள், பிரதி எழுதிக்கொள். எழுதும்போதே உனக்குப் பாதி படிக்க வந்துவிடும்.

பிறகு அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா. நீ முதல் கிளாரினெட் வாசி, நான் என்னுடையதை வாசிக்கிறேன், எனக்குத் தாள் வேண்டியதில்லை. ஏழுமலையை அன்றைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். நீ என் இடது பக்கம் வந்து நில்.